உதிர்ந்த ஆப்பிளைச் சாறாக்க எது தோது? உரல் முதல் ஜாக்கி பிரஸ் வரை

கேரளத்து இடுக்கி மலையில் காந்தளூர்ப் பக்கம் ஆப்பிள் மரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஆடிக் காற்றில் பழம் கொட்டுவதுதான் தலைவலி. மரத்தில் நிற்கிற நல்ல பழத்தைச் சுற்றுலா வருகிறவர்கள் தோட்டத்திலேயே எடை போட்டு வாங்கிவிடுகிறார்கள். விழுந்து கன்றினது, கிளி கொத்தினது, எலுமிச்சை அளவிலேயே நின்றுபோனது, இதற்கெல்லாம் கேட்பாரில்லை. சின்னார் எல்லை வழியாக உடுமலைக்கு இறக்கலாம் என்றால், வடக்கிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து பளபளவென்று அடுக்கியிருக்கிற பழத்துக்குப் பக்கத்தில் நம்முடையது எடுபடாது. வண்டி வாடகைக்கே கட்டாது. ஜாமும் எத்தனை பாட்டில்தான் போடுவது?

மிச்சமிருக்கிற வழி சாறு. ஆப்பிள் விளைகிற வெளிநாடுகளில் இதற்கென்றே பல்சக்கரம் வைத்த அரவைப் பெட்டியும் திருகு வைத்த மரப் பிரஸ்ஸும் கிடைக்கின்றன. இறக்குமதி விலையைப் பார்த்தால் நாலு மரம் வைத்திருக்கிறவருக்கு அது ஆகிற கதை இல்லை. ஆகவே காந்தளூரும் மறையூரும் அடங்கின அஞ்சுநாட்டில் கைக்கெட்டுகிற சாமான்களை வைத்து எது எதற்கு உதவும் என்று பார்ப்போம்: மிக்ஸி, கிரைண்டர், உரல், மறையூர்ச் சர்க்கரை (வெல்லம்) காய்ச்சுகிற கரும்பு ஆலை, ஜீப்பில் கிடக்கிற ஜாக்கி, மூலையில் போட்ட வாஷிங் மெஷின்.

என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பிழிகிற கருவியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சாறு எவ்வளவு இறங்கும் என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது அதற்கு முந்தின வேலை, அதாவது பழத்தை நசுக்குவது. ஆரஞ்சை வெட்டிக் கையால் அமுக்கினாலே சாறு வரும். ஆப்பிள் அப்படியில்லை. சதை இறுக்கம், சாறு கண்ணறை கண்ணறையாக அடைபட்டிருக்கிறது. பாதியாக வெட்டின ஆப்பிளை இரண்டு டன் ஜாக்கிக்கு அடியில் வைத்தாலும் அது சப்பையாகுமே தவிரச் சாற்றை முழுதாக விடாது. நன்றாக இடித்த கூழ் என்றால் வெறும் கைக்கே கணிசமாகக் கொடுத்துவிடும்.

கருவிக்கு முன்னால் சட்டம்

சாறாக வைத்துக் குடிப்பதா, நொதிக்கவிட்டுச் சிடர் ஆக்குவதா, வினிகர் ஆக்குவதா? இதைத் தீர்மானிக்காமல் பாத்திரம் வாங்கக் கூடாது. ஆப்பிள் சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அதைத் தின்று முடித்தால் ஏறக்குறைய 5, 6 சதவீத ஆல்கஹால் உள்ள சிடர். இங்கிலாந்துக் கிராமத்தில் அது வீட்டு விஷயம். இடுக்கி மாவட்டத்தில் அது அப்காரிச் சட்டத்தின், அதாவது கேரளத்து மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின், விஷயம். உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் அந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். "விற்கவில்லையே, வீட்டுக்குத்தானே" என்ற பேச்சு எடுபடாது. 2019இல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டு ஒயினுக்கே கலால் துறை எச்சரிக்கை விட்டது. 2022இல் பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கென்று கேரள அரசு விதிகள் கொண்டுவந்தது, ஆனால் அது உரிமம் எடுத்துத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு. சின்னாரைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. ஆக இரண்டு மாநிலத்திலும் வீட்டுச் சிடர் கிடையாது.

அதனால் இந்த ஒப்பீடு சாற்றுக்கும் வினிகருக்கும்தான். இதில் ஒரு லாபமும் உண்டு. மூடியில் ஓட்டை போட்டு, மெடிக்கலில் வாங்கின டிரிப் செட் டியூப்பைச் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விடுகிற வித்தை, பாட்டில் வாயில் பலூன் மாட்டுகிற வித்தை எல்லாம் வெளிக்காற்றை உள்ளே விடாமல் வாயுவை மட்டும் வெளியேற்ற. சிடருக்குத்தான் அது வேண்டும். வினிகர் ஆக்குகிற பாக்டீரியாவுக்குக் காற்று இருந்தால்தான் பிழைப்பு. அகன்ற வாய், மேலே துணி, போதும். வினிகரும் நடுவில் ஆல்கஹாலைத் தொட்டுத்தான் போகும், தேங்காய்த் தண்ணீர் வினிகர் மாதிரியே. அந்தக் கட்டத்தில் மூடி நிறுத்திவைக்காமல் காற்றோட்டமாகவே விட்டுப் புளிக்க வைப்பதுதான் நம் வழி.

நசுக்குவது

மிக்ஸியில் ஆரம்பிப்போம், எல்லா வீட்டிலும் இருப்பதால். பழத்தை நாலாக வெட்டி, நடுத்தண்டையும் விதையையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் விதையில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. விதை முழுசாக இருந்தால் கவலையில்லை, பிளேடு அதை அரைத்துவிட்டால் கசப்பு இறங்கும், அதிலிருந்து சயனைடும் பிறக்கும். அளவு சொற்பம் என்றாலும் கிலோக்கணக்கில் அரைக்கும்போது அதை ஏன் சேர்க்க வேண்டும்? அடுத்து, தொடர்ந்து ஓடவிடக் கூடாது. விட்டு விட்டு ஓட்டி, துருவின தேங்காய்ப் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். சட்னியாக்கிவிட்டால் துணியின் கண் அடைந்துபோய்ச் சாறு வெளியே வராது, கூழ்தான் பிதுங்கும். இந்தப் பக்குவத்தோடு பத்து கிலோ வரை மிக்ஸி தாங்கும். அதற்கு மேல் ஜார் அடி சூடேறி மோட்டார் நாறத் தொடங்கும்.

கிரைண்டரைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். வெட்டின துண்டு கல்லுக்கு அடியில் போகாமல் ஓரத்தில் ஏறி உட்காரும். இறங்கவைக்கத் தண்ணீர் விட்டால் சாறு நீர்த்துப்போகும். இறங்கிவிட்டாலோ வெண்ணெயாக அரைத்துவிடும். போதாததற்கு மாவுப் புளிப்பு வேறு கல்லில் ஊறியிருக்கும்.

யாரும் கணக்கில் எடுக்காத உரல்தான் என் ஓட்டு. கருங்கல்லுக்கு ஆப்பிள் புளிப்பு ஒன்றும் செய்யாது. உலக்கை பழத்தை வெட்டாமல் நசுக்குவதால் விதை பெரும்பாலும் முழுசாகவே தப்பிக்கும். தண்டு எடுக்கிற வேலை மிச்சம். பழத்தை நாலாகப் பிளந்து, உரலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டு, முதலில் மெதுவாகக் குத்தி உடைக்க வேண்டும். நிறையப் போட்டு ஓங்கிக் குத்தினால் பாதிப் பழம் முற்றத்தில் கிடக்கும். வாயைச் சுற்றிப் பழைய ஓலைப்பாயை வளைத்துக் கட்டிக்கொண்டால் தெறிக்காது. கவனிக்க வேண்டியது பூண். இரும்புப் பூண் போட்ட முனை ஆப்பிள் சாற்றில் பட்டால், பழத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சாறு கறுத்துப்போகும், வாயில் ஆணி சப்பின ருசி நிற்கும். பூண் இல்லாத முனையால் குத்துங்கள். இரண்டு பக்கமும் பூண் என்றால் பலாக் கட்டையில் ஒன்று செதுக்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் அரவை இயந்திரம் வருவதற்கு முன்னால் தொட்டியில் போட்டு மரக்கட்டையால் இடித்துத்தான் சிடர் செய்திருக்கிறார்கள். நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. தோள்வலிதான் இதன் விலை. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் ஒரு மூட்டை தாங்கும்.

ஃப்ரீசர் சோம்பேறிகளின் உரல். துண்டுகளை இரண்டு நாள் கட்டியாக உறையவைத்து வெளியே எடுத்து வைத்தால், உள்ளே பனிக்கட்டி விரிந்து கண்ணறைகளை உடைத்திருக்கும். உருகினபின் பழம் தொளதொளவென்று ஆகிவிடும், கையால் பிழிந்தாலே சாறு ஒழுகும். அருமையான முறை. ஆனால் வீட்டு ஃப்ரீசரில் நாலைந்து கிலோ பிடித்தாலே பெரிது, அதிலும் கரண்ட் காந்தளூர்க் கரண்ட்.

இனி எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது: மறையூரில் இவ்வளவு கரும்பு ஆலை இருக்கிறதே, அதில் கொடுத்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கரும்பு நார் நாராக இருப்பதால் உருளை அதைப் பற்றி இழுக்கும். சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் என்று பிரியும். ஆப்பிளில் அப்படி நீள நார் இல்லை. பாதிப் பழத்தை வைத்தால் உருளை மேலேயே வழுக்கிச் சுற்றும். உள்ளே போனாலும் சாறும் சதையும் ஒன்றாகத் தட்டில் கொட்டும், பிறகு அதைத் துணியில் போட்டுப் பிழியத்தான் வேண்டும். அதாவது ஆலை இங்கே நசுக்குகிற கருவி மட்டுமே, பிழிகிற கருவி இல்லை. வழுக்குகிற பழத்தைக் கையால் தள்ளப் போனால் விரல் போகும். தள்ளவே கூடாது, தள்ளியே ஆக வேண்டுமென்றால் மரக்கட்டையால். உருளை இரும்பு, பேரிங்கில் கிரீஸ், இதையெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆலைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மறையூர்ச் சர்க்கரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெல்லம் உருண்டையாக நிற்பதற்கே கரும்புச் சாற்றின் புளிப்பைச் சுண்ணாம்பு போட்டு மட்டுப்படுத்துகிறார்கள். புளிப்பு ஏறினால் சாற்றிலுள்ள சர்க்கரை உடைந்துபோய்ப் பாகு இளகி நிற்கும், உருண்டை பிடிக்காது. ஆப்பிள் கூழ் ஒட்டின உருளையைச் சரியாகக் கழுவாமல் அடுத்த பாட்டம் கரும்பைக் கொடுத்தால் நஷ்டம் அவருக்கு. அவர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ரோட்டோரக் கரும்பு ஜூஸ் மெஷின் எவர்சில்வர் உருளையோடு சொந்தமாக இருந்தால் அது வேறு கதை.

பிழிவது

கூழ் தயார் என்றால் அரை மணி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். சாறு நெகிழ்ந்து வரும். நிறம் பழுப்பாகும், அது கெட்டதன் அடையாளம் அல்ல, காற்றுப்பட்டால் ஆப்பிளின் இயல்பு. உறுத்தினால் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

வெறும் துணி என்றால், பலமுறை துவைத்த வேட்டித் துண்டு புதுத் துணியைவிடத் தேவலை. கஞ்சியும் சோப்பு வாசமும் போகக் கொதிநீரில் ஒருமுறை போட்டு எடுக்க வேண்டும். இரண்டு கிலோ கூழை முடிந்து, ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினால் பத்து கிலோ பழத்துக்கு நாலு, நாலரை லிட்டர் இறங்கும். முறுக்கு உழக்கில் வைத்துப் பிழியலாமே என்று வீட்டுக்கு வீடு ஒருவர் கேட்பார். பிழியலாம், தீபாவளி வந்துவிடும்.

அடுத்தது நெம்புகோல். செலவே இல்லாதது, பார்க்க வேடிக்கையானது. பலாமரத்தின் கவட்டையிலோ சுவரில் விட்ட ஓட்டையிலோ பத்தடி உருட்டுக் கட்டையின் ஒரு முனையைச் செருகி, அந்த முனையிலிருந்து ஓரடி தள்ளிக் கூழ் மூட்டையை வைத்து, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட வேண்டும். 30 கிலோ கல் மூட்டையின் மேல் ஏறக்குறைய 300 கிலோவாக உட்காரும். ராத்திரி முழுக்க விட்டால் கைமுறுக்கலைவிட அதிகம் கிடைக்கும். குறை என்னவென்றால் கட்டை சாய்ந்து இறங்குவதால் மூட்டை ஒருபக்கமாகப் பிதுங்கும், எறும்பும் பழ ஈயும் விடிய விடியக் கும்மாளம் போடும்.

வாஷிங் மெஷின் டிரையர் ஒரு துணிச்சலான யோசனை. கூழைத் தலையணை உறையில் கட்டிச் சுழலவிட்டால் சாறு நன்றாகவே பிரிகிறது, இயந்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துணி துவைத்த மெஷினில் செய்யாதீர்கள். தொட்டியைத் தேய்த்துவிடலாம், அடியிலிருந்து போகிற நெளிவுக் குழாயில் படிந்த சோப்பையும் அழுக்கையும் யார் தேய்ப்பது? புதுத் தொட்டி, புதுக் குழாய் என்றால் சரி. அந்தக் காசுக்கு ஜாக்கி பிரஸ்ஸே ஆகிவிடும்.

ஜாக்கி பிரஸ்தான் பணம் போடத் தகுந்தது. வெல்டிங் பட்டறையில் சி சேனல் இரும்பில் ஜன்னல் மாதிரி ஒரு சட்டம் அடித்துத் தரச் சொல்ல வேண்டும். இரண்டரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம் போதும். நான் சொன்னபோது பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார், "அண்ணே, இது ஆப்பிளப் பிழியவா, ஆளப் பிழியவா?" கேள்வியில் பொருள் இருக்கிறது. இரண்டு டன் பாட்டில் ஜாக்கி (பாட்டில் மாதிரி நிற்கிற எண்ணெய் ஜாக்கி) மேல்சட்டத்தை அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளும். ஒட்டு மேலோட்டமாக இருந்தால் பிய்த்துக்கொண்டு தெறிக்கும். மூலை நாலிலும் முக்கோணத் தகடு வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

சட்டத்தின் அடியில் ஓரம் மடித்த எவர்சில்வர் தட்டு, ஒரு மூலையில் சாறு வடிய மூக்கு. அதன் மேல் மூங்கில் பிளாச்சில் கட்டின தட்டி. துணியில் ஒரு முறம் அளவுக் கூழைக் கொட்டி, நான்கு மூலையையும் மடித்து, கையால் தட்டி இரண்டு விரற்கடைக் கனத்துக்குச் சமப்படுத்த வேண்டும். மேலே இன்னொரு தட்டி, இன்னொரு மூட்டை. இப்படி நாலைந்து அடுக்கு. உச்சியில் கனமான பலகை, அதன் மேல் எண்ணெய் கசிந்தால் பிடிக்க ஒரு கிண்ணித் தட்டு, அதன் மேல் ஜாக்கி. பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தி வைத்தால்தான் வேலை செய்யும், தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. கூழ் மட்டம் சாய்ந்திருந்தால் ஜாக்கியும் சாயும், எனவே சமப்படுத்துகிற வேலையில் அவசரம் ஆகாது.

பிறகு பொறுமை. ஜாக்கியின் கைப்பிடியை இரண்டு தடவை அடித்து, சாறு கயிறாக ஓடி நூலாகிச் சொட்டாகிற வரை காத்திருந்து, மறுபடி இரண்டு தடவை. ஒரே மூச்சில் ஏற்றினால் துணி கிழியும், கூழ் பக்கவாட்டில் பீய்ச்சும். ஓரடிக்கு ஓரடி அடுக்கின் மேல் இரண்டு டன் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ அழுத்தம். நெம்புகோலில் அதே அடுக்குக்கு அதில் ஆறில் ஒரு பங்குதான். நன்றாக இடித்த கூழென்றால் பத்து கிலோவுக்கு ஆறு லிட்டர் வரை வரும்.

ஆகப் பத்து கிலோவுக்குள் என்றால் மிக்ஸியும் வேட்டித் துணியும், எதுவும் வாங்காதீர்கள். ஒன்றிரண்டு மூட்டை என்றால் உரலும் நெம்புகோலும். வருஷா வருஷம் அதற்கு மேல் கொட்டுகிற தோட்டம் என்றால் ஜாக்கிச் சட்டம் அடித்துவிடலாம், ஆனால் அக்கம்பக்கத்து மூன்று நாலு வீடு சேர்ந்து. வருஷத்தில் ஒரு மாதம் வேலை செய்து பதினோரு மாதம் துருப்பிடிக்கிற சாமானுக்கு ஒரு வீடு தனியாகச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. உரலையும் ஜாக்கியையும் சேர்த்து வைத்துக்கொண்டால் வாங்கின பிரஸ்ஸுக்கு ரொம்பப் பின்தங்கமாட்டோம்.

ஊற்றிவைப்பது

அலுமினிய அன்னக்கூடை, பித்தளை அண்டா, செம்புத் தவலை மூன்றும் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் பால் கேன் சாற்றுக்கு உத்தமம். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் அடியில் பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். 2 போட்ட உணவுத்தர டிரம்மும் சரி. ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பழைய நீல டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது விற்கிறவருக்கே தெரியாது. வினிகருக்குக் கண்ணாடி ஜாடிக்கு நிகர் இல்லை. பாட்டி காலத்து ஊறுகாய்ப் பரணியை எடுக்க ஆசையாக இருக்கும். பழைய மெருகில் ஈயம் இருக்கக்கூடும், வாரக்கணக்கில் நிற்கிற புளிப்பு அதை வெளியே இழுக்கும். மெருகு விரிசல் விட்டிருந்தால் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

வினிகர் ஜாடியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவணி ராத்திரிக் குளிரில் தோட்டத்து ஷெட்டில் வைத்தால் நகராது. அந்தப் பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி பிடிக்கும், சமையலறைப் பரண்தான் இடம். கடைசியில் ஒரு எச்சரிக்கை: இந்திய உணவுத் தர விதிப்படி வினிகரில் 3.75 சதவீதமாவது அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். வீட்டுச் சரக்கில் அது எவ்வளவு என்று நாக்குக்குத் தெரியாது. சாலடுக்கும் கறி ஊறவைக்கவும் பயன்படுத்துங்கள், ஊறுகாய்க்குக் கடை வினிகரே இருக்கட்டும்.

சாறாகக் குடிக்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பூசணம் பிடித்த பழத்தை வெட்டி ஒதுக்கி மிச்சத்தைச் சேர்ப்பது வேண்டாம், முழுசாக எறியுங்கள். அழுகலில் வளர்கிற பூசணம் பாட்டுலின் என்ற நச்சை விடுகிறது, அது கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. கன்றல் பரவாயில்லை, அழுகல் ஆகாது. இரண்டாவது, மரத்தடியில் மாடு மேய்கிற தோட்டமென்றால் சாணம் பட்ட பழம். அமெரிக்காவில் 1996இல் காய்ச்சாத ஆப்பிள் சாற்றில் ஈ.கோலி கிருமி வந்து ஒரு குழந்தை இறந்தே போனது. பழத்தைக் கழுவினால் மட்டும் போதாது. சாற்றை 75 டிகிரிக்குச் சூடேற்றி ஒரு நிமிஷம் வைத்து இறக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஓரத்தில் நுரை கட்டிக் கொதி எழும்புகிற நேரம். சுடச்சுட வெந்நீரில் கழுவின பாட்டிலில் ஊற்றி ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

சக்கையை மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், ஒரேயடியாகத் தின்றால் வயிறு உப்பும். மிச்சத்தை அன்றே குழி தோண்டி மண் போட்டு மூடிவிடுங்கள். திறந்த குப்பையில் கொட்டினால் புளித்த வாசம் பிடித்து ராத்திரி யானை வந்துவிடும், அது சக்கையோடு திரும்பிப் போகாது.